நீர் இழுக்கும் கணக்கு

திருநெல்வேலிக் குறுக்குத்துறையில் தாமிரபரணிக்கு நடுவே நிற்கும் முருகன் கோயில், பெருவெள்ளம் வரும்போதெல்லாம் ஆற்றுக்குள் மூழ்கி எழும். தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மூலவரும் கட்டடமும் அங்கேயே இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணியில் நொடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கும் மேல் வெள்ளம் புரண்டது. அதையும் அந்தக் கட்டடம் தாங்கியது. வெள்ளம் வந்து மோதும் பக்கத்தில் அதன் சுவரைப் படகின் முன்பகுதிபோலக் கூராக அமைத்திருக்கிறார்கள். வருகிற நீர் அதில் பட்டு இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் வழிந்துபோகும். ஓடும் நீரோடு நேருக்கு நேர் மோதினால் கல்லும் தாங்காது என்பது அதைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மனித உடம்பில் அப்படிக் கூர்முனை கிடையாது. இடுப்பளவு நீரில் ஒருவர் நிற்கும்போது அவருடைய கால்களும் இடுப்பும் சேர்ந்து நீரை மறிக்கின்றன. மறிக்கும் பரப்பு கூடினால் நீர் தள்ளும் விசையும் கூடும். வடிவம் தட்டையாக இருந்தால் இன்னும் கூடும். ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் தீர்மானிப்பது வேகம்தான். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 'நேத்தைக்கு இதே எடத்துலதான் குளிச்சோம், இன்னைக்குக் கொஞ்சம் வேகமாப் போகுது, அவ்வளவுதான்' என்று நினைத்து இறங்குகிறவர்கள் இந்த வர்க்கக் கணக்கில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நீர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 3.6 கிலோமீட்டர், நாம் சாதாரணமாக நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. இடுப்பளவு நீரில் நிற்கும் வளர்ந்த ஆளை அது ஏறக்குறைய 20 கிலோ எடைக்கு ஈடான விசையோடு தள்ளும். நொடிக்கு இரண்டு மீட்டரானால் 80 கிலோ. மூன்று மீட்டரானால் 180 கிலோ. மூன்று மீட்டர் என்பது ஆற்றில் அபூர்வமான வேகமில்லை. பாபநாசத்துப் பாறைகளுக்கிடையே நல்ல தண்ணீர் போகும் நாட்களில் சாதாரணமாகவே காணலாம்.

தள்ளும் விசை கூடும்போதே, எதிர்த்து நிற்பதற்கான பிடி குறைகிறது. நீருக்குள் போன உடம்புப் பகுதியின் எடையை மிதப்பு விசை வாங்கிக்கொள்வதால், 65 கிலோ ஆள் இடுப்பளவு நீரில் தரையை அழுத்துவது 40 கிலோ அளவுக்குத்தான். காலடியில் பாசி படிந்த பாறை என்றால் உராய்வு அதில் மூன்றிலொரு பங்குகூடத் தேறாது. ஆக, வழுக்காமல் நிற்க உங்களிடம் இருப்பது பத்துப் பன்னிரண்டு கிலோ அளவு பிடி. நீரோ 20 கிலோவால் தள்ளுகிறது. உடல் பலம், நெஞ்சுரம், நீச்சல் பயிற்சி எதுவும் இந்தக் கழித்தலை மாற்றாது. கோயில்பட்டியிலோ மதுரையிலோ கிணற்றிலும் நீச்சல் குளத்திலும் அருமையாக நீந்தக் கற்றவர் ஆற்றில் தோற்பது இதனால்தான். கிணறு யாரையும் தள்ளுவதில்லை.

வெள்ளநீரில் மனிதர் எந்த அளவுவரை நிற்க முடியும் என்பதை ஆஸ்திரேலியப் பொறியாளர்கள் ஆட்களை வைத்தே சோதித்த முடிவுகளைத் திரட்டி, ஓர் எளிய பெருக்கலாக வகுத்திருக்கிறார்கள். ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை நொடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு விடை 0.6-ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. சிறுவர்களுக்கு 0.4. அரை மீட்டர் ஆழத்தில், அதாவது பெரியவருக்கு முழங்காலளவுத் தண்ணீரில், நொடிக்கு 80 சென்டிமீட்டர் வேகம் வந்தாலே ஒரு சிறுவனின் எல்லை முடிந்துவிட்டது. 'முட்டளவுத் தண்ணிதானே' என்று பிள்ளையைத் தனியே விட்டுக் கரையில் சோற்றுப் பொட்டலம் பிரிக்கிற அப்பா அம்மாக்கள் இந்த எண்ணை மட்டுமாவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். ஓர் இலையையோ பூவையோ நீரில் போட்டுவிட்டு அதோடு கரையில் நடந்து பாருங்கள். சாவகாசமாக நடந்தால் இலைக்குச் சமமாகப் போக முடிகிறதென்றால் வேகம் ஏறக்குறைய நொடிக்கு ஒரு மீட்டர். இடுப்பளவில் இறங்க அது ஏற்கெனவே அதிகம். எட்டு வைத்து வேகமாக நடந்தாலும் இலை முந்துகிறதென்றால் படியில் உட்கார்ந்து மொண்டு குளித்துவிட்டு வருவதே சரி.

இதே கணக்கு இன்னொரு இடத்திலும் வேலை செய்கிறது. திருநெல்வேலியிலிருந்து கோவாவுக்கும் அந்தமானுக்கும் கல்லூரி டூர் போகும் பிள்ளைகள் இன்று தவறாமல் ஏறிப் பார்ப்பது, விசைப்படகு கயிற்றில் கட்டி இழுத்துப்போகும் வாழைப்பழப் படகு, காற்றடைத்த ரப்பர் சோபா, பாராசெயிலிங் போன்றவற்றில். நம் பள்ளத்தாக்கில் இவை இல்லை. காரையாறு அணையில் முன்பு பாணதீர்த்தம் பார்க்கப் படகில் அழைத்துப் போனதுண்டு. அது வெறும் பயணம். ஆனாலும் ஆற்றில் நிற்கிறவனுக்கும் படகு இழுத்துச் செல்கிறவனுக்கும் இயற்பியலில் வேறுபாடு இல்லை. ஒருவன் நிற்கிறான், நீர் ஓடுகிறது. மற்றவன் ஓடுகிறான், நீர் நிற்கிறது. இரண்டிலும் மோதும் வேகம்தான் விசையைத் தீர்மானிக்கிறது.

இழுவைப் படகு மணிக்கு 25, 30 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு ஏழெட்டு மீட்டர். தாமிரபரணியில் நம்மை நிலைகுலையச் செய்யும் ஒரு மீட்டர் வேகத்தோடு ஒப்பிட்டால் விசை 50, 60 மடங்கு. அந்த வேகத்தில் விழுகிறவருக்கு நீரின் மேற்பரப்பு முதல் கணத்தில் மென்மையாக இருப்பதில்லை. விலகி வழிவிட நீருக்கு நேரம் வேண்டும். அந்த நேரம் கிடைக்காததால் அறைகிறது. செவிப்பறை கிழிவதும் தோள்மூட்டு விலகுவதும் இப்படித்தான். நான்கைந்து பேர் வரிசையாக உட்காரும் வாழைப்பழப் படகில் இன்னொன்றும் உண்டு. கவிழும்போது ஒருவர் தலை இன்னொருவர் முகத்தில் மோதுகிறது. நீரால் மட்டுமல்ல, பக்கத்தில் இருந்தவரின் மண்டையாலும் காயம் வரும்.

படகு நேராகப் போகும்வரை கயிற்றின் முனையில் இருப்பவரின் வேகமும் படகின் வேகமும் ஒன்றே. படகு திரும்பும்போது நிலைமை மாறுகிறது. படகு சிறிய வட்டத்தில் வளைய, பின்னால் இருப்பவர் வெளிப்புறமாக வீசப்பட்டுப் பெரிய வட்டத்தில் சுற்றுகிறார். அதே நேரத்தில் கூடுதல் தூரம் கடக்க வேண்டியிருப்பதால் அவருடைய வேகம் படகின் வேகத்தைத் தாண்டிவிடும். ஓட்டுநரின் முன்னால் இருக்கும் வேகமானி காட்டாத வேகம் அது. கூட்டத்தைக் கத்தவைக்க ஓட்டுநர்கள் வேண்டுமென்றே வெட்டித் திருப்புவதும் இதற்காகத்தான். கரையோ வேறு படகோ பக்கத்தில் இருக்கும்போது அப்படித் திருப்பினால் இழுபடுகிறவர் எதில் போய் மோதுவார் என்பது அவர் கையிலும் இல்லை, ஓட்டுநர் கையிலும் இல்லை.

படகோட்டுகிறவர் முன்னால் பார்க்க வேண்டும். ஆகவே பின்னால் பார்க்க இன்னொருவர் படகில் இருந்தே ஆக வேண்டும். விழுந்தவரைத் திரும்ப ஏற்றும்போது எஞ்சினை நிறுத்த வேண்டும், வேகத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. சுற்றும் இறக்கைக்குக் கால் என்றும் கயிறு என்றும் தெரியாது. கட்டைவிரலை மேலே காட்டினால் வேகம் கூட்டு, கீழே காட்டினால் குறை, கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டிக் காட்டினால் நிறுத்து என்ற சைகைகள் உலகம் முழுக்க ஏறக்குறைய பொது. ஏறும் முன் ஓட்டுநரிடம் இவற்றைக் கேளுங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால் ஏற வேண்டாம், கொடுத்த பணம் போனாலும் போகட்டும். கோவாவில் ஒன்றிய அரசின் தேசிய நீர்விளையாட்டு நிறுவனம் விசைப்படகு ஓட்டுவதற்கும் உயிர்காப்புக்கும் பயிற்சி தந்து சான்றிதழ் வழங்குகிறது. அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவாகாது.

உயிர்காப்பு ஜாக்கெட்டையும் கட்டி முடித்த பிறகு ஒருமுறை சோதிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரை உங்கள் ஜாக்கெட்டின் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறி வந்தால் தொளதொளப்பு. வேகத்தில் விழும்போது ஜாக்கெட் ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் போய்விடும். ஒரு கொக்கி உடைந்த ஜாக்கெட், நூலால் தைத்து ஒட்டுப்போட்ட பட்டை, அழுத்தினால் திரும்பி எழாத நைந்த நுரை எல்லாம் சட்டைபோல மாட்டிக்கொள்ளத்தான் உதவும். 2024 ஜனவரி 18-இல் குஜராத்தின் வதோதராவில், ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். ஜாக்கெட் எல்லோருக்கும் தரப்படவில்லை. அது வேகப் படகும் இல்லை, விளையாட்டும் இல்லை. ஏரியில் ஒரு சுற்று சுற்றிவரும் சாதாரணப் படகு.

ஏறும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள், எல்லாம் என் சொந்தப் பொறுப்பு என்று. அந்தக் கையெழுத்தோடு நடத்துபவரின் கடமை முடிந்துவிடாது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அவரைத் தேடி வரும். தனிமனிதப் பொறுப்பு என்பதை நான் அந்தத் தாளின் பொருளில் புரிந்துகொள்ளவில்லை. நம்மால் பார்த்து அறியக்கூடியதைப் பார்த்து அறிந்துகொள்வது நம் பொறுப்பு. நம்மால் பார்க்கவே முடியாததைச் சொல்ல வேண்டியது அதை அறிந்தவர்களின் பொறுப்பு. இரண்டையும் கலந்து, இறந்தவர் தலையிலேயே முழுப் பழியையும் போடும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. 'எச்சரிக்கையை மீறிக் குளித்தபோது' என்று செய்தியில் ஒரு வரி வந்துவிட்டால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்பதில்லை.

பார்க்க முடியாத ஆபத்து தாமிரபரணியில் மூன்று விதமாக இருக்கிறது. முதலாவது, இந்த ஆற்றின் பெருமையோடு பிணைந்த அணைக்கட்டுகளின் கீழ்ப்புறம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தில், 1870-களில் முடிந்தது. மற்றவை அதற்கு மிக முற்பட்டவை. கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைய இவைதான் காரணம். தண்ணீர் தகடுபோல வழியும் அழகும், நின்று தலை நனைக்கும் வசதியும் சேர்ந்து இவற்றைக் குளிக்கும் இடங்களாக்கிவிட்டன. பாபநாசம் தலையணையில் விடுமுறை நாளில் கால் வைக்க இடமிருக்காது.

அணைக்கட்டின் மேலிருந்து செங்குத்தாக விழும் நீர் நேராக அடியாழத்துக்குப் போகிறது. தரையில் மோதி, முன்னோக்கிக் கொஞ்ச தூரம் ஓடி மேலெழுகிறது. மேலெழுந்த இடத்திலிருந்து ஒரு பகுதி ஆற்றோடு போய்விடும். மறுபகுதி மேற்பரப்பில் பின்னோக்கி, அணைக்கட்டை நோக்கியே திரும்பி ஓடும். அங்கே மறுபடி விழும் நீரில் அகப்பட்டு அடிக்குப் போகும். இப்படி ஆற்றின் அகலம் முழுக்கப் படுக்கைவாட்டில் ஓர் உருளை விடாமல் சுழன்றுகொண்டே இருக்கும். அதில் சிக்கிய மரக்கட்டை வெளியே போகாமல் ஒரே இடத்தில் முங்கி முங்கி எழுவதைப் பார்த்தால் புரியும். மனிதருக்கும் அதுவே நேரும். நாம் வழக்கமாக அறிந்த சுழி நட்டுக்குத்தாகச் சுற்றும், அதிலிருந்து பக்கவாட்டில் நீந்தித் தப்ப இடமுண்டு. இந்த உருளைக்குப் பக்கம் என்பது இரு கரைச் சுவர்கள்தான்.

இதில் நுரையின் பங்கை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து வைத்திருக்கும் மனிதர் நல்ல நீரில் மிதப்பதே மயிரிழையில்தான். உடம்பின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிட நூற்றில் இரண்டு மூன்று பங்குதான் குறைவு. விழுந்து கொந்தளிக்கும் நீரில் காற்றுக் குமிழிகள் பத்தில் ஒரு பங்கு கலந்தாலே நீரின் அடர்த்தி அதே அளவு இறங்கிவிடும். அங்கே மனித உடம்பு நீரைவிடக் கனமானது. கையை எவ்வளவு அடித்தாலும் பிடிப்பு கிடைக்காது, ஏனென்றால் தள்ளுவதில் ஒரு பகுதி காற்று. ஜாக்கெட் போட்டவரைக்கூட வெண்ணுரை முழுதாகத் தாங்குவதில்லை.

அமெரிக்காவில் மீட்புப் பணியாளர்கள் இத்தகைய தாழ்ந்த அணைக்கட்டுகளை ஆளை மூழ்கடிக்கும் இயந்திரம் என்றே அழைக்கிறார்கள். 1975-இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகரில், சஸ்குவஹானா ஆற்றின் அணைக்கட்டு ஒன்றில் மீட்கப் போன தீயணைப்பு வீரர்களே அந்த உருளையில் சிக்கி மாண்டார்கள். பயிற்சி பெற்றவர்கள், படகோடு போனவர்கள். நம்முடைய பழைய அணைக்கட்டுகள் பெருங்கற்களைச் சாய்வாக அடுக்கிக் கட்டியவை என்பதால் எல்லா இடத்திலும் இந்த உருளை உருவாகாது. நீர் செங்குத்தாக விழும் கான்கிரீட் பகுதிகளிலும் புதிய தடுப்பணைகளிலும்தான் அது வலுவாக அமையும். சாய்வான இடங்களில் ஆபத்து வேறு வகை: கற்களின் இடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ளும். ஓடும் நீரில் கால் சிக்கியவரை நீர் முன்புறமாக மடக்கிச் சாய்த்துவிடும். தொடையளவு நீரில்கூட அவரால் தலையைத் தூக்க முடியாது. அதனால்தான் அடித்துச் செல்லப்படும்போது எழுந்து நிற்க முயலக் கூடாது. மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, பாதத்தை மேற்பரப்பில் வைத்தபடி போய், வேகம் அடங்கிய இடத்தில் கரையொதுங்க வேண்டும் என்கிறார்கள்.

குளிப்பவரை ஏமாற்றும் ஒன்று உண்டு. இந்த உருளை நீர் மிகக் குறைவாக வழியும்போது வலுவிழந்திருக்கும். பெருவெள்ளத்தில் கீழ்ப்புற நீர்மட்டமும் ஏறி அணைக்கட்டே மூழ்கிவிட்டால் பெரும்பாலும் இல்லாமலே போகும். இடைப்பட்ட நீர்மட்டத்தில்தான் அது முழு வலுவோடு இருக்கும். அதாவது, வெள்ளமும் இல்லை, வறட்சியும் இல்லை, குளிக்க அருமையான தண்ணீர் என்று ஊரே சொல்லும் நாளில்.

அணைக்கட்டின் அடியில் நீர் விழுந்து விழுந்து குடைந்த பள்ளத்தைக் கசம் என்பார்கள். கசம் எங்கே என்று அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இரண்டாவது ஆபத்தான மணல் அள்ளிய குழிகள் அப்படி இல்லை. ஆற்று மணல் கொள்ளைக்கு எதிராக மூத்த தலைவர் ஆர். நல்லகண்ணு தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010-இல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. அதற்கு முன்பே ஆற்றின் தரை பல இடங்களில் மாறிப்போயிருந்தது. இயல்பாக அமைந்த மணல் திட்டு மெல்லச் சரியும். ஒவ்வோர் அடிக்கும் ஆழம் விரற்கடை விரற்கடையாகக் கூடும், காலுக்கு எச்சரிக்கை கிடைக்கும். தோண்டிய குழியின் விளிம்பு அப்படி எச்சரிப்பதில்லை. தளர்ந்த மணல் முப்பது பாகைக்கு மேல் சாய்வாக நிற்காது என்பதால் விளிம்பில் காலை வைத்ததும் மணலே சரிந்து ஆளைக் குழிக்குள் இறக்கிவிடும். திரும்ப ஏற முயன்றால் பிடித்த மணலும் கூடவே வரும். முந்தைய கணம் முழங்கால் அளவு. அடுத்த கணம் தலைக்கு மேல். அந்தக் குழியைக் குளிக்கிறவர் எப்படிப் பார்த்திருக்க முடியும்? தோண்டியவர்களிடமும் தோண்டவிட்டவர்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது.

மூன்றாவது, மேலிருந்து வரும் நீர். 1,868 மீட்டர் உயரமுள்ள பொதிகை உச்சியிலிருந்து சமவெளிக்கு இந்த ஆற்றின் ஓடைகள் மிகக் குறுகிய தூரத்தில் இறங்கிவிடுகின்றன. மலையில் பெய்யும் மழை ஓடை ஓடையாகச் சேர்ந்து, கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து இறங்கும். 2024 மே 17-இல் பழைய குற்றாலம் அருவியில் நடந்தது இதுதான். குளித்துக்கொண்டிருந்த கூட்டம் கண்முன்னே பெருகிய வெள்ளத்தைக் கண்டு அலறி ஓடியது. திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். குற்றாலத்துச் சிற்றாறும் கடைசியில் தாமிரபரணியில்தான் கலக்கிறது. வெள்ளம் வருவதற்குச் சில அறிகுறிகள் உண்டு: தெளிந்த நீர் சட்டென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, அருவியின் இரைச்சல் கனப்பது. அவற்றைக் கண்ட கணமே பையையும் செருப்பையும் விட்டுவிட்டு மேடேற வேண்டும். ஆனால் அறிகுறிக்கும் வெள்ளத்துக்கும் நடுவே கிடைப்பது சில நிமிடங்களோ, அதற்கும் குறைவோ. மலைக்காட்டில் மழைமானி வைத்து, அளவு கூடியதும் கீழே தானாகவே ஒலிக்கும் சங்கை நிறுவுவது இன்றைய தொழில்நுட்பத்துக்குப் பெரிய காரியமில்லை. பாபநாசம் அணையில் மின் உற்பத்திக்கும் பாசனத்துக்கும் தண்ணீர் திறக்கும்போது கீழ்ப்புறப் படித்துறைகளில் இருப்பவர்களுக்கும் அது தெரிய வேண்டும். பக்தரோ சுற்றுலாப் பயணியோ அணையின் நேர அட்டவணையை ஊகித்து அறிய முடியாது.

இந்தியாவில் ஆண்டுக்கு 35,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். அவர்களில் காப்பாற்றப் போனவர்களும் உண்டு. ஒருவன் மூழ்க, அண்ணன் குதிக்க, அண்ணனைப் பிடிக்க நண்பன் குதிக்க, ஒரே வீட்டில் இரண்டு மூன்று சாவு விழுகிறது. மூழ்குகிறவர் சினிமாவில்போலக் கையை ஆட்டிக் கத்துவதில்லை. நியூயார்க்கில் உயிர்காப்பாளராக இருந்த பிரான்செஸ்கோ பியா 1970-களில் படம் பிடித்து ஆராய்ந்து காட்டியது, மூழ்குகிறவர் பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை என்பது. வாய் நீருக்கு மேல் வரும் அந்த நொடியில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கிறது, கத்த நேரமில்லை. கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். இது 20 முதல் 60 நொடிவரைதான் நீடிக்கும். அந்த நிலையில் இருப்பவர் கைக்கு எட்டியதைப் பற்றி ஏறுவார். எட்டியது காப்பாற்ற வந்தவரின் தலை என்றால் அதன்மீது ஏறுவார். அது அவர் குற்றமில்லை, உடம்பு தானாகச் செய்வது.

ஆகவே குதிக்காமல் இழுப்பதே முதல் வழி. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் நான்கு பேர் மூழ்கியபோது, துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி இருவரை இழுத்துக் கரைசேர்த்தார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. ஐந்தரை மீட்டர் நீளச் சேலை, நனைந்தால் முடிச்சு இறுகும் துணி. அதைவிடக் கைக்கு அருகிலுள்ள மீட்புக் கயிறு கிடையாது. எட்டு முழ வேட்டி என்றால் 3.6 மீட்டர், இரண்டை முடிந்தால் ஏழு மீட்டர் தேறும். மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன் 20 லிட்டர் அளவென்றால் 20 கிலோவைத் தாங்கும். ஒருவர் தலையை நீருக்கு மேலே வைத்திருக்க நான்கைந்து கிலோ மிதப்பே போதும். வீசும் முன் கேனில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் காற்றில் திரும்பாமல் தூரம் போகும்.

ஓடும் நீரில் கயிறு வீசுகிறவர், மூழ்குகிறவருக்குக் கீழ்த்திசையில் கரையில் உட்கார்ந்து காலை ஊன்றிக்கொள்ள வேண்டும். அவர் பற்றியதும் வலுவந்தமாக இழுக்கத் தேவையில்லை. கயிற்றை விடாமல் பிடித்திருந்தால் நீரோட்டமே அவரை வளைவாகத் தள்ளிக்கொண்டு கரைக்குக் கொண்டுவரும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. நம் ஊர்களில் துணிச்சலான ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்க, மற்றவர்கள் கரையில் பிடித்திருப்பது வழக்கம். வேகமான ஓட்டத்தில் இதைப்போல ஆபத்தானது வேறில்லை. கயிறு இறுகி நின்றதும், படகு இழுக்கும்போது விழுந்தும் கயிற்றை விடாதவருக்கு நேர்வதே இவருக்கும் நேரும்: நிலையாகப் பிடிபட்ட உடம்பின்மேல் நீரின் முழு வேகமும் ஏறி, ஆளை அடியில் அமுக்கிவிடும். கரையிலிருப்பவர்கள் காப்பாற்றும் வேகத்தில் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். பயிற்சி பெற்ற மீட்புப் படையினர் கட்டும் கயிறு, முன்னால் ஒரு கொக்கியை இழுத்தால் முதுகுப்புறம் தானே கழன்றுகொள்ளும் வகையைச் சேர்ந்தது. அந்தக் கொக்கி இல்லாமல் யாரையும் கட்டி இறக்காதீர்கள்.

வெளியே எடுத்ததும் முதலில் வயிற்றை அமுக்குவார்கள், தலைகீழாகத் தூக்குவார்கள், முதுகில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். இவற்றில் எதுவும் வேண்டாம். வயிற்றை அமுக்கினால் அங்கிருக்கும் நீரும் சோறும் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகும். மூளை ஆக்சிஜன் இல்லாமல் தாங்குவது நான்கு முதல் ஆறு நிமிடம். தண்ணீரை எடுக்கிறோம் என்று அந்த நிமிடங்களைச் செலவழிக்க முடியாது. மூச்சில்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து நெஞ்சு உயரும்படி இரண்டு முதல் ஐந்து முறை ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், ஐந்து சென்டிமீட்டர் அமுங்கும்படி 30 அழுத்தம், இரண்டு ஊதல், மறுபடி 30. மாரடைப்பில் இதயம் முதலில் நிற்கிறது. மூழ்கியவருக்கு முதலில் தீர்ந்தது காற்று. ஆகையால் இங்கே மூச்சுக்கு முதலிடம். 108-க்கு இன்னொருவர் அழைக்கட்டும்; அழுத்துகிறவர் கையை எடுக்க வேண்டாம்.

அவர் இருமி, கண் திறந்து, 'ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன், வீட்டுக்குப் போறேன்' என்று எழுந்து உட்கார்ந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். உள்ளே போன நீர், நுரையீரலின் காற்றுப்பைகளைச் சுருங்காமல் விரித்து வைத்திருக்கும் மெல்லிய படலத்தைக் கழுவிவிட்டிருக்கலாம். அதனால் வரும் மூச்சுத்திணறல் அடுத்த சில மணி நேரத்தில் மெல்லக் கூடும். இருமல், நெஞ்சு இறுக்கம், வேகமான மூச்சு, காரணமில்லாத சோர்வு, உதட்டில் நீலம் பாரித்தல் இவற்றுக்காக ஆறிலிருந்து எட்டு மணி நேரமாவது மருத்துவர்கள் அவரைக் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள்.